இரண்டு பக்க அறிக்கையின் கனம்

மேனேஜர் தயாரித்த ஆண்டறிக்கை இரண்டே பக்கம்தான். ஆனால் கோப்பின் கனம் தாங்காமல் மெயில் அதைத் திருப்பித் திருப்பித் துப்பியது. சாயங்காலத்துக்குள் அது தலைமை அலுவலகம் போயாக வேண்டும். தலைப்பு, ‘ஒன்றாய் உழைத்தோம்’.

“ரெண்டு பக்கத்துக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? ஏதோ வைரஸ் பூந்திருக்கு. பிரிச்சுப் பாரும்மா,” என்றார் வடிவமைப்புப் பெண்ணிடம்.

கோப்பின் உள்கட்டமைப்பைக் காட்டும் மென்பொருளைத் தேடினாள் அவள். முதலில் கிடைத்தது திரை முழுக்க விளம்பரத்தைக் கொட்டியது. அடுத்தது பாதியில் உறைந்துபோனது. மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாவதை அவரே தேர்ந்தெடுத்தார். அது திறந்ததும் பெருமை தாங்கவில்லை.

“எல்லாரும் இங்க வாங்க! இதெல்லாம் நீங்களும் கத்துக்கணும்.”

எல்லோரும் வந்து சூழ்ந்தார்கள். கோப்புக்குள் எழுத்து ஒரு கைப்பிடிகூட இல்லை. கனமெல்லாம் படங்களில். அவள் முதல் படத்தைத் திறந்தாள்.

அறிக்கையில் மேனேஜர் தனியாக நின்று, கைகளைச் சேர்த்து, பரிசுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் விரிந்த முழுப் படத்திலோ பரிசுக் கோப்பை ஸ்டோர்கீப்பர் அக்காவின் கையில் இருந்தது. மேனேஜர் ஓரமாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

“அட, நான்தான்!” என்றார் அக்கா.

“வெட்டின பாகம் வெளியில தெரியாது, அவ்வளவுதான் சார்,” என்று அவள் மென்று விழுங்கினாள். “உள்ள முழுசா அப்படியே இருக்கும்.”

அடுத்தடுத்த படங்களிலும் அதே கதை. டிரைவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

“எங்களையெல்லாம் வெட்டினது எந்த வைரஸ் சார்?”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மேனேஜர் முகம் சிவந்தது. ஆனால் குரல் பிசிறவில்லை.

“அதைத்தான் நானும் கேக்கறேன். யாரு பண்ண வேலை இது? எல்லாரையும் திரும்ப உள்ள கொண்டு வாம்மா.”

வெட்டியதையெல்லாம் அவள் மீட்டாள். அறிக்கை ஒன்பது பக்கமாக வீங்கியது. கனம் துளியும் குறையவில்லை. கடைசியில் பென்டிரைவில் போட்டு, டிரைவர்தான் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தன்னை முன்னிறுத்திக்கொள்ளாத மேலாளரை மனமாரப் பாராட்டியிருந்தார்கள். அதை அவரே கூட்டத்தில் இரண்டு முறை வாசித்தார். ஸ்டோர்கீப்பர் அக்கா பக்கத்தில் இருந்த வடிவமைப்புப் பெண்ணைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் வடிவமைப்புப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்த சாஃப்ட்வேரைத் தூக்கிடும்மா. பாதுகாப்பு இல்ல.”