பேச்சுக்குச் சொன்ன பூட்ஸ்

முனீரியே சதுக்கத்துப் பூட்ஸ் கடைக்குப் பெஹ்னாஸ் வீட்டிலிருந்தே தடித்த கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மெல்லிய காலுறையோடு வந்து பனிக்கால பூட்ஸ் வாங்கும் பெண்களைக் கண்டால் இப்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இதைப் போட்டுப் பாருங்கம்மா. காலை எப்படிச் சிக்குனு பிடிக்குது பாருங்க!" என்றார் கடைக்காரர்.

"சிக்குனு பிடிச்சா கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போகலாம். மலைக்கு ஆகாது. ஒரு அளவு பெருசா எடுங்க."

அவர் முகம் சுருங்கியது. அதைப் பற்றி யாருக்குக் கவலை? பெஹ்னாஸ் காலை முன்னால் தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். உள்ளே கம்பளியைக் கிள்ளிப் பார்த்தாள். நாடாவுக்கு அடியில் வரும் நாக்குத் தோல் பனி புகாதபடி இரண்டு பக்கமும் மேல்வரை தைத்திருக்கிறதா, கையுறையைக் கழற்றாமல் நாடாவைக் கட்ட முடிகிறதா என்றும் பார்த்தாள். கடையின் நிலவறைப் படிகளில் தடதடவென்று இறங்கினாள். இறங்கும்போது விரல் முன்னால் போய் முட்டினால் அது பூட்ஸ் இல்லை, சனியன். வலது காலில் எதுவும் முட்டவில்லை. இடது காலில் முட்டுவதற்கு இரண்டு விரல்கள் இல்லவே இல்லை. அங்கே கொஞ்சம் பஞ்சு அடைத்துக்கொண்டாள்.

அந்த விரல்கள் போன கதை இதே கடையில்தான் தொடங்கியது.

போன குளிர்காலத்தில் ஷோரேயும் அவளும் சேர்ந்து இங்கே வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் தராக்கே அடிவாரத்திலிருந்து மலையேறும் பெண்கள் கூட்டத்துக்கு ஷோரேதான் தலைவி. முன்னால் நடப்பாள், எங்கே தேநீர் குடிப்பது என்பதையும் அவளே முடிவு செய்வாள். இருவருக்கும் ஒரே அளவுக் கால். பெஹ்னாஸ் தேடித் தேடி, தாராளமான அளவில் ஒரு பழுப்பு ஜோடியை எடுத்தாள். அந்த அளவில் கடையில் இருந்தது அது ஒன்றுதான்.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள் ஷோரே.

"உனக்குத்தான் ஷோரே ஜான், எடுத்துக்கோ," என்றாள் பெஹ்னாஸ் செல்லமாக.

அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒருவர் நன்றாயிருக்கிறது என்றதும் வாய் தன் பாட்டில் சொல்லிவிடும். உடனே மற்றவர், "ஐயையோ, உன் காலுக்குத்தான் எடுப்பா இருக்கு" என்று சொல்ல வேண்டும். டாக்சிக்காரர்கூடத்தான் காசே வேண்டாம் என்பார். அதைக் கேட்டு யாராவது இறங்கிப் போய்விடுவார்களா?

ஷோரே அதையே செய்தாள். "நீ என் தங்கம்டி!" என்று கட்டி முத்தம் கொடுத்துவிட்டு, பூட்ஸைத் தன் காலில் மாட்டினாள். பிறகு இறுக்கமான கறுப்பு ஜோடி ஒன்றைப் பெஹ்னாஸின் மடியில் வைத்து, "இதை எடுத்துக்கோ. போடப் போட இளகிடும்," என்றாள். பெஹ்னாஸ் என்ன செய்வாள்? பேச்சுக்குத்தான் சொன்னேன் என்று வாய் திறந்தால், கொடுக்க மனமில்லாமலே கொடுக்கிறேன் என்றவள் என்று பெயராகி, அவள் மானம்தான் போகும்.

அந்தக் கறுப்பு பூட்ஸ் இளகவில்லை. அடுத்த பனிமழையில், மலையிறங்கும்போது, "விரல் இருக்கிறதே தெரியல ஷோரே," என்று பெஹ்னாஸ் சொன்னாள். "நட, நடந்தா சூடாயிடும்," என்றாள் ஷோரே திரும்பிப் பார்க்காமல். பெஹ்னாஸ் நடந்தாள். மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

விரல் போனதைக்கூடப் பொறுத்திருப்பாள். மருத்துவமனைக்குப் பிஸ்தா இனிப்போடு வந்த ஷோரே, வெளியே போய் எல்லோரிடமும், "அழகுக்கு ஆசைப்பட்டா. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், இறுக்கமானது வேண்டாம்னு," என்றிருக்கிறாள். அதிலிருந்து அந்தக் கூட்டத்தில் யார் பூட்ஸ் வாங்கப் போனாலும், "பெஹ்னாஸ் மாதிரி வாங்கிடாதே!" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவள் காது வரைக்கும் வந்தது. ஷோரே தன் வாயால், அத்தனை பேர் முன்னால், உண்மையைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் தன் வயிறு எரிவது அடங்காது என்று பெஹ்னாஸுக்குத் தெரிந்திருந்தது.

முதல் பனி நன்றாக விழுந்த வெள்ளிக்கிழமை அவள் மலைக்குப் போனாள். காலில் புது பூட்ஸ், பையில் பழைய கறுப்பு ஜோடி.

மலைக்குடிலின் வாசலில் எல்லோரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மைசூர்ப் பருப்புக் கூழ் ஆவி பறக்க வந்தது. "வாடி என் கண்ணு! உன்னைப் பாக்காம இந்த மலையே எனக்குக் கசந்து போச்சு," என்று ஷோரே அவள் கன்னத்தைக் கிள்ளினாள். பெஹ்னாஸ் கூழை நிதானமாகக் குடித்து முடித்தாள். பிறகு எழுந்துபோய் வாசலிலிருந்த பழுப்பு பூட்ஸைக் கையிலெடுத்தாள்.

"ஒரு வருஷமாச்சு, இன்னும் புதுசு மாதிரியே இருக்கே. எவ்வளவு அழகு ஷோரே!"

"உனக்குத்தான் கண்ணு, எடுத்துக்கோ," என்றது ஷோரேயின் வாய்.

"சரி," என்றாள் பெஹ்னாஸ்.

யார் கையிலிருந்தோ கரண்டி தட்டில் விழுந்தது. பெஹ்னாஸ் பழுப்பு ஜோடியைப் பைக்குள் வைத்துவிட்டு, கறுப்பு ஜோடியை எடுத்து ஷோரேயின் மடியில் வைத்தாள். "உன் அளவுதான். போடப் போட இளகிடும்."

"விளையாடுறா," என்று சிரித்தாள் ஷோரே. யாரும் கூடச் சிரிக்கவில்லை. கூட்டத்திலேயே மூத்தவளான மாஹின் எதையோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். கொடுத்தேன் என்று ஒருத்தி சொன்ன பிறகு நடுவில் புகுந்து என்ன சொல்வது? ஷோரேயும் அத்தனை பேர் முன்னால் சொன்னதை எப்படி விழுங்குவாள்? தடித்த காலுறையோடு கறுப்பு பூட்ஸுக்குள் காலைத் திணித்தாள். முகம் சிவந்தது. பெஹ்னாஸ் அதை ஆசைதீரப் பார்த்தாள்.

இறங்கும் வழி வெயில் படாத பக்கம். ஷோரே வழக்கம்போல முன்னால் நடந்தாள். பாதி வழியில் அவள் நடை நொண்ட ஆரம்பித்தது. பிறகு நின்றாள்.

"விரல் இருக்கிறதே தெரியல," என்றாள் மெதுவாக.

"நட, நடந்தா சூடாயிடும்," என்றாள் பெஹ்னாஸ்.

ஷோரே வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. பெஹ்னாஸ் பையைத் திறந்து பழுப்பு பூட்ஸை நீட்டினாள். "வேணுமா?"

"ஐயோ வேண்டாம் கண்ணு, கொடுத்தது கொடுத்ததுதான்," என்றாள் ஷோரே. குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன வாய் அதைத்தான் சொன்னது. வேண்டாம் என்பவரை மறுபடி மறுபடி வற்புறுத்துவதுதான் முறை. ஷோரேயும் அதற்குத்தான் காத்திருந்தாள். பெஹ்னாஸ் பூட்ஸைப் பைக்குள் வைத்து, பை வாயை இழுத்துக் கட்டிவிட்டு நடந்தாள்.

அடுத்த வளைவு வருவதற்குள் பின்னாலிருந்து அலறல் கேட்டது. ஷோரே பனியில் உட்கார்ந்திருந்தாள்.

"என் பூட்ஸைக் கொடுடி!"

பெஹ்னாஸ் திரும்பி வந்து அவள் முன்னால் நின்றாள். "யார் பூட்ஸ்?"

ஷோரே சுற்றி நின்ற மற்ற பெண்களைப் பார்த்தாள்.

"உன்னோடது," என்று அழுதாள். "நீதான் தேடி எடுத்தே. பேச்சுக்கு எடுத்துக்கோன்னே, நான் நிஜமாவே எடுத்துக்கிட்டேன். போதுமா?"

"அப்ப அந்தக் கறுப்பு ஜோடி?" என்றாள் மாஹின்.

"நான்தான் இவ தலையில கட்டினேன்."

"மாஹின் அக்கா, நான் அழகுக்கு ஆசைப்பட்டேன்னுதானே இவ உங்ககிட்ட சொன்னா?" என்றாள் பெஹ்னாஸ்.

மாஹின் தலை குனிந்தாள். அந்தத் தலை குனிந்ததில் பெஹ்னாஸுக்கு ஒரு வருஷத்து எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. மண்டியிட்டு ஷோரேயின் பூட்ஸைக் கழற்றினாள், காலுறையையும் உருவினாள். விரல்கள் மெழுகாக வெளுத்திருந்தன. கோட்டைத் திறந்து அந்தப் பாதங்களைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். மெல்ல மெல்ல ரத்தம் ஏறியது. ஷோரே வலியில் துடித்தாள். பெஹ்னாஸ் குனிந்து பார்த்தாள். அத்தனை விரலும் சிவந்து, அத்தனையும் அதனதன் இடத்தில் இருந்தன. அதைப் பார்த்ததும் தணிந்த எரிச்சல் திரும்பப் பற்றிக்கொண்டது. பழுப்பு பூட்ஸை அவள் காலில் மாட்டி, நாடாவை முடிந்தாள்.

ஷோரே அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "மன்னிச்சிடு பெஹ்னாஸ் ஜான். என் உயிரே உனக்குத்தான்டி, எடுத்துக்கோ!"

பெஹ்னாஸ் கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"பாத்துப் பேசு ஷோரே," என்றாள். "நான் எடுத்துக்குவேன்."