இரண்டு குரல்கள் சேரும் வரி

1

2016 மார்ச் 12, சனிக்கிழமை பிற்பகல். பஞ்சாபில் படாலாவுக்கு அருகே ஒரு கிராமக் குருத்வாராவில், அடுத்து வாசிக்க வேண்டியவர் வரவில்லை.

கதை தொடங்கியது இதிலிருந்துதான். வெள்ளி காலை ஆரம்பித்த குரு கிரந்த சாகிப் வாசிப்பு ஞாயிறு காலை வரை நிற்கக் கூடாது. அறுந்தால் முதலிலிருந்து. வாசித்துக்கொண்டிருந்த நிஹால் சிங்குக்குத் தொண்டை கட்டிவிட்டது.

‘கோதுமை வயல்களின் மேல் அந்தக் குரல் ஒரு பறவையைப் போல...’ (வேண்டாம். ஒலிபெருக்கியில் வந்த குரல். கரகரத்தது.)

2

கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருவரான சத்வந்த் கௌருக்குத் திக்குவாய். விடியலில் தனியே வாசிப்பார். கேட்க ஆளிருந்தால் நாக்கு நின்றுவிடும். அன்று அவர், தானே வாசிப்பதென்று எழுந்து போய்க் கைகால் கழுவினார். ‘சிறு வயதில் அவரை...’ இல்லை. காரணம் எனக்குத் தெரியாது.

வாசலில் கொழுந்தன் பல்தேஜ் அண்ணியை மறித்தான்.

“பாபி, நீங்க உட்கார்ந்தா ரெண்டு நாள் வாசிப்பு ரெண்டு மாசம் ஆகுமே!”

“ஆ... ஆகட்டும். ரெண்டு மாசமும் லங்கர் சமையக்கட்டுல நீ ப... பருப்பு கிண்டு.”

பெண்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. “அறுந்துட்டா ஊரே உங்களைத்தான் பேசும்.”

“இப்ப மட்டும் பே... பேசாமலா இருக்கு? தள்ளு.”

3

ஆள் மாறும்போது புதியவர் பக்கத்தில் அமர்ந்து, ஓடுகிற வரியிலேயே குரல் சேர்ப்பார். இரண்டும் ஒன்றானதும் பழையவர் ஓய்வார்.

நிஹால் சிங்கோடு சேர்ந்து வாசித்த வரையில் சத்வந்த் திக்கவில்லை. சாமரம் அசைந்தது. விரிப்பில் வெயில் மெல்ல நகர்ந்தது. கண் மூடியிருந்தேன், நீருக்குள் கிடப்பது போலிருந்தது. ஒரு குரல் எப்போது விலகியது என்றே தெரியவில்லை.

பிறகு ஓரெழுத்தில் எல்லாம் நின்றது.

4

(முதல் பிரதியில் இங்கே திக்கு மறைந்துபோனது. அடித்துவிட்டேன், மறுநாளும் அவர் திக்கினார். இரண்டாவதில் நிஹால் சிங் காப்பாற்றினார்.)

உண்மையில் நிஹால் சிங் வாயைத் திறந்தார். சத்வந்த் ஏட்டிலிருந்து கண்ணெடுக்காமல் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். சாமரமும் நின்றது. உதடு அந்த எழுத்தை விடவில்லை. எழுத்து வந்தது, பிறகு சொல், பிறகு வரி.

அந்த மௌனத்தில் வாசிப்பு அறுந்ததா, இல்லை, அதுவும் வாசிப்புதானா? நீங்களே சொல்லுங்கள். பாதி வாக்கியங்களை விட்டுவிட்டு வந்தவன் நான், எனக்கு...

மாலையில் அடுத்தவர் வந்து குரல் சேர்த்தார். ஞாயிறு காலை வாசிப்பு நிறைவுற்றது. முதலிலிருந்து தொடங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.