கரமனைக் காந்தக் கோழிகள்

திருவனந்தபுரத்தில், கரமனையில், சிவதாணுவின் வீட்டுக் கோழிகள் இரும்பை இழுத்தன. அந்தத் தெருவில் சைக்கிள் நிறுத்துகிறவர்கள் அவர் வீட்டு மதிலைப் பார்த்தே சாய்த்து நிறுத்துவார்கள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் கடைசியில் அது அந்தப் பக்கம்தான் சாயும். இடுப்பில் சாவிக்கொத்து செருகியவர்கள் அந்த வாசலைக் கடக்கும்போது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரன் தமது இரும்புப் பீரோ கொஞ்சம் கொஞ்சமாகச் சிவதாணு வீட்டை நோக்கி நகர்வதைக் கண்டு முதலில் குதித்தார். பிறகு பீரோவை அந்தச் சுவரோடு ஒட்டியே போட்டுவிட்டார். பித்தளை, வெண்கலம், தங்கம் எதையும் அந்தக் கோழிகள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. முட்டை நல்ல முட்டைதான். வேகவைத்து எடுக்கும்போது கரண்டியில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. ஐப்பசி இடியில் அடைமுட்டை கெட்டுப்போகும் என்று நம் பக்கத்தில் அடைக்கூடையில் ஒரு துண்டு கரியும் வற்றல் மிளகாயும் ஓர் இரும்பும் வைப்பது வழக்கம். இரும்பென்றால் ஓர் ஆணி போதும். ஊரெல்லாம் ஆணிதான் வைக்கிறது. சிவதாணுவோ சாலைக் கம்போளக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். ஆணி விற்கிறவன் வீட்டு அடைக்கூடையிலும் ஆணிதான் என்றால் கடைக்கு என்ன மரியாதை என்று யோசித்தார். இந்த மிடுக்கு இரும்புக்கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் வராது. கடையில் தரையில் சிந்தும் ஆணிகளைப் பொறுக்குவதற்காக வைத்திருந்த கனத்த வட்டக் காந்தத்தை, அதுவும் இரும்புச் சாதிதானே என்று, வைக்கோலுக்கு அடியில் செருகிவிட்டார். அந்த வருஷம் இடி கோட்டைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமுமாக விழுந்தது. ஒரு முட்டைகூடக் கூழாகவில்லை. மொபைல் வெளிச்சத்தில் முட்டையைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே கருவின் சிவப்பு நரம்புகள் எல்லாம் ஒரே பக்கமாக வாரி விட்டதுபோல் இருந்தன. முதலில் பொரிந்த குஞ்சு ஈரம் காய்வதற்குள் நடந்துபோய்ச் சுவரோரம் கிடந்த அரிவாள்மணையில் ஒட்டிக்கொண்டது.

கோழி வளர்ப்பு அவருக்கு வயிற்றுப்பாடு இல்லை, பொழுதுபோக்கு. அந்தப் பொழுது எப்படிப் போகாமல் நின்றது என்பதைச் சொல்ல வேண்டும். அவருடைய ஒரே மகள் ஸ்ரீலட்சுமி தெற்கே விழிஞ்ஞத்தில் புதுத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலைக்குப் போனாள். அங்கே கிரேன் ஓட்டும் அனீஷ் என்ற கடற்கரைப் பையனை ரிஜிஸ்டர் ஆபீஸில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். சிவதாணு திட்டவில்லை, அடிக்கவில்லை, தலைமுழுகவும் இல்லை. "அவளுக்கு வரணும்னா வரட்டும், நான் கூப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். அவளும் அங்கிருந்து, "அப்பா வாயால கூப்பிடாம நான் படி ஏற மாட்டேன்" என்றாள். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது. நடுவில் அகப்பட்ட அவர் மனைவி பொன்னம்மை துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போய் மகளோடு போனில் பேசிவிட்டு வருவாள். அவள் போன் பேசத்தான் போகிறாள் என்பது சிவதாணுவுக்குத் தெரியும். துணி உலர்ந்ததா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு மகள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பின்கட்டில் ஒரு கூடு அடித்தார்.

தலச்சேரி இனம்தான் வேண்டுமென்று தேடினார். கழுத்தில் நீலம் மின்னும் கறுப்புக் கோழி. வாட்ஸாப்பில் கோழிக்காரர்களின் குழு ஒன்றில் சேர்ந்தார். நெடுமங்காட்டு ஷைஜு என்பவர் அதில் பெரிய தலை, பஸ் கண்டக்டர். அவர் தந்த பெட்டைதான் மேலே சொன்ன அடைக்குக் கிடந்தது. வெள்ளைக்கழிச்சலுக்கு மூக்கில் சொட்டு மருந்து விடுவது, அசோலாப் பாசியைத் தவிட்டோடு பிசைவது, சேவலை மாற்றி விட்டு இனம் கலங்காமல் பார்ப்பது எல்லாம் சிவதாணுவுக்குக் கைவந்தது. வருஷங்கள் போயின. காந்தத்தைக் கூடையிலிருந்து எடுத்த பிறகும் குஞ்சுகளின் குஞ்சுகள் இரும்பை இழுத்தன. ஷைஜு வந்து ஒரு சேவலைத் தூக்கிப் பார்த்தார். அது அவருடைய பெல்ட் கொக்கியை விட மறுத்தது. "சேட்டா, இது பாரம்பரியமாக்கும். பேடிக்கண்டா" என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்பதில் இருவருக்கும் சம்மதம். பெட்டை அடைக்கு உட்காரும் காலத்தில் மட்டும் இழுப்பு கூடும். ஒன்று மாத்திரம் சிவதாணு ஷைஜுவிடம் சொல்லவில்லை. தீனி போடும்போது அவர் கோழிகளை "மக்களே, வா மக்களே" என்றுதான் கூப்பிடுவார். மகளை அவர் வேறு பெயரால் கூப்பிட்டதே கிடையாது. அடுக்களை ஜன்னல் வழியாக அதைக் கேட்கும்போதெல்லாம் பொன்னம்மை குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

ஸ்ரீலட்சுமி கர்ப்பமானாள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதுபோல் டாக்டர் அவளுக்கும் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தின்ற அன்றே அவள் கட்டிலில் தெற்கே தலைவைத்துப் படுத்து வடக்கே தலைவைத்து எழுந்தாள். மீன் வாங்கத் தெற்கே போனால் கால் வடக்கே போயிற்று. மாமியார் ஃபிலோமினா நாலுநாள் பார்த்துவிட்டு, "மோளே, மருந்து கழிச்சா நீ திருவனந்தபுரத்தேக்காணல்லோ நடக்குந்நது" என்றாள். மருந்து தின்றால் திருவனந்தபுரத்தைப் பார்த்துத்தான் கால் போகிறது என்று அவளுக்கும் பிடிபட்டுவிட்டது. இடையில் எத்தனை லாரி, எத்தனை பாலம், எத்தனை கர்ப்பிணிகள், இவளை மட்டும் ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஸ்ரீலட்சுமிக்கு இழுப்பது யார் வீடு என்று உடனே புரிந்துவிட்டது. கூப்பிடாத வீட்டுக்கு இழுபட்டுப் போவதா என்று ரோஷம் வந்தது. மாத்திரையைத் தின்பதை நிறுத்தினாள். இழுப்பு நின்றது. ரத்தமும் குறைந்தது. நாக்கு வெளுத்து, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இப்படியே போனால் தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்று டாக்டர் ஏசினார். அனீஷ் கெஞ்சினான். அவள் கேட்கவில்லை.

பொன்னம்மை அன்று காயப்போட்ட துணியை மாடியிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்து கோழிக்கூட்டு வாசலில் நின்றாள்.

"உங்க கோழிதான் அவள இழுக்கு. அதுக்குப் பயந்து பிள்ளை மாத்திரை திங்க மாட்டேங்கா. ரத்தம் வத்திப்போய் கெடக்கா. கேட்டேளா?"

சிவதாணு தவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தார். "அப்ப கோழி எல்லாத்தையும் ஷைஜுக்குக் குடுத்திருகேன்" என்றார். உயிரைக் கொடுத்து வளர்த்த கோழிகள். யோசிக்காமல்தான் சொன்னார்.

"குடுங்கோ. இழுப்பு போயிரும், மாத்திரையும் திம்பா. பொறவு இந்த ஜென்மத்துல இங்க வர மாட்டா. அதுவா வேணும் உங்களுக்கு? ஒரு வார்த்த கூப்பிட்டா வாய்முத்து உதிந்திருமா?"

வியாபாரிக்கு வரும் யோசனைதான் சிவதாணுவுக்கு வந்தது. ஒரு தட்டு சாய்ந்தால் எதிர்த்தட்டில் எடை போட வேண்டியதுதானே. அடைக்கு உட்கார்ந்திருந்த பெட்டையை முட்டைகளோடும் கூடையோடும் தூக்கி, மேலே ஈரிழைத் துண்டு கட்டி, கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ் ஏறினார். பஸ்ஸில் குடைகள் அவரைப் பார்த்துச் சாய்ந்தன. முன்சீட்டுப் பெண்ணின் சேலை ஊக்கு கழன்று வந்து கூடையில் ஒட்டியது. அவர் அதை எடுத்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

விழிஞ்ஞத்தில் இறங்கியதும் ஒரு சங்கடம். மகள் வீடு எங்கே என்று அவருக்குத் தெரியாது. பெற்ற மகளின் வீட்டை மூன்றாம் மனிதரிடம் கேட்பதற்கும் நாக்கு எழவில்லை. கடலோரம் வானத்தை முட்டிக்கொண்டு கிரேன்கள் நின்றன. மலைபோல் ஒரு கப்பல் கிடந்தது. இவ்வளவு இரும்பைப் பார்த்தால் கோழி கடலில் குதித்துவிடுமோ என்று பயந்து கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கோழி கப்பலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது கூடையோடு அவரை இழுத்துக்கொண்டு, பள்ளிவாசலைத் தாண்டி, மாதாக் குருசடியைத் தாண்டி, வலை காய்கிற சந்துக்குள் நுழைந்து, நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு வீட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அன்று காலைதான் அனீஷ் அழுது காலைப் பிடித்து ஒரு மாத்திரை தின்ன வைத்திருந்தான். ஸ்ரீலட்சுமி உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பியை விட்டாள். இழுப்பு அவளை நேரே வாசலில் கொண்டுவந்து விட்டது. கூடைக்கும் அவள் வயிற்றுக்கும் ஒரு முழம் இடைவெளி.

"கோழி குடுக்க வந்தியளா அப்பா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்வதற்குத்தான் அவர் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். வெளுத்துப்போயிருந்த அவள் உதட்டைப் பார்த்தார். மனப்பாடம் மறந்துவிட்டது.

"இல்ல மக்களே. உன்னக் கூப்பிடத்தான் வந்தேன். ஏழாம் மாசம்லா... அம்மை தேடுகா. நானும் தேடுகேன்."

சொல்லிவிட்டு நடுச்சந்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளும் அழுதாள். ஃபிலோமினா கூடையை வாங்கி உள்ளே வைத்து, நாற்காலி போட்டு, பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து தந்தாள். முட்டை ஒன்றும் சேதமில்லை. ஸ்ரீலட்சுமி அன்றே கரமனைக்குப் போனாள். பிறகு பிரசவத்துக்கும் அங்கேதான் போனாள். தலை நிறைய முடியோடு பெண்குழந்தை பிறந்தது.

குழந்தையோடு அவள் விழிஞ்ஞத்துக்குத் திரும்பியபோது அங்கேயும் குஞ்சுகள் பொரிந்து பெருகியிருந்தன. ஒரே இனம், இரண்டு வீடு; தெற்கே இழுப்பதும் வடக்கே இழுப்பதும் சரிக்குச் சரியாகிவிட்டது. கடைக்குப் போக நினைத்தால் கடைக்கும், வேலைக்குப் போக நினைத்தால் வேலைக்கும் அவளால் போக முடிந்தது. படுத்த திசையிலேயே எழுந்தாள். பால் கொடுக்கும்வரை தின்னச் சொன்ன மாத்திரைகளை ஒன்றுவிடாமல் தின்றாள். இப்போது எந்தப் பக்கமும் இழுப்பு இல்லை என்பது இரண்டு ஊருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கரமனை பஸ்ஸுக்கு அவள் நிற்கிறாள். பஸ் வரத் தாமதமானால் நடக்கத் தொடங்கிவிடுகிறாள்.