பப்பாசித் தட்டும் பால் கதிரும்

என் கணவர் முர்ஷித்துக்கு ஒவ்வொரு நெல் போகத்துக்கும் ஒரு பைத்தியம் பிடிக்கும். கட்டாரிலிருந்து திரும்பி வந்ததும் காடை வளர்த்தார். காடைகள் இவருடைய வளர்ப்பைத் தாங்க முடியாமல் செத்துப்போயின. அதற்குப் பிறகு காளான். காளானுக்கு இருட்டு வேண்டும், ஈரம் வேண்டும் என்று என் நெல் அறையைப் பிடித்துக்கொண்டார். காளான் முளைக்கவில்லை, மூட்டையில் இருந்த நெல்தான் முளைத்தது. இந்தச் சிறுபோகத்தில் பறவைப் பைத்தியம் வந்தது.

கடலோர விடுதி ஒன்றில் யாரோ நடத்திய இயற்கைச் சுற்றுலாப் பயிற்சிக்குப் போய்வந்ததில் அது தொடங்கியது. பகலைக்குப் புரியாணி கொடுத்திருக்கிறார்கள், பின்னேரம் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். புரியாணி அன்றைக்கே செரித்துவிட்டது, சான்றிதழ்தான் இன்னும் செரிக்கவில்லை. அதற்கு லமினேட் போட்டு, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி சுவரில் மாட்டினார்.

"அறுகம்பைக்குப் போற வெள்ளைக்காரனெல்லாம் நம்மட சம்மாந்துறையத் தாண்டித்தான் போறான், ஹிமாயா. ஒருத்தனும் நிக்கிறல்ல. ஏன்? நிண்டு பாக்க இஞ்ச ஒண்டுமில்ல" என்றார்.

"நீங்க இரிக்கிறீங்களே" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை, நன்றி சொன்னார்.

வீடு என்னுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு வந்து குடியேறுவார். பின்வேலிக்கு அப்பால் கிடக்கும் வயலும் வாப்பா என் பேருக்கு எழுதியது. வருடக்கணக்காகக் குத்தகைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த வயலை இந்தப் போகம் நானே செய்யப்போகிறேன் என்று நிறுத்தினேன். அதைக் கேட்டு முபாறக் காக்காவுக்கு, என் கூடப்பிறந்த மூத்தவருக்கு, இரத்தம் கொதித்தது. குத்தகைக்காரன் போனால் தன் கைக்கு வரும் என்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

"பொம்புள வெள்ளாம செய்யிறதாம்" என்று உம்மாவுக்கு முன்னால் வைத்தே சிரித்தார். "சரி, செய். விளைஞ்சா நீயே வெச்சிக்க. விளையாட்டி வாற போகத்திலருந்து காணி என்ட கையில. ஓமா?"

"ஓம்" என்றேன். உம்மா சாட்சி. வாக்குக் கொடுத்தாயிற்று. இனி அந்த வயல் விளைந்தால்தான் எனக்கு வயல்.

நான் விதைத்து, தண்ணீர் கட்டி, களை பிடுங்கிக்கொண்டிருந்த நாட்களில் முர்ஷித் பின்வேலியோரம் நாலு கம்பு நட்டு, மேலே பலகை அடித்து, பலகையில் தட்டுகள் வைத்தார். ஒன்றில் பப்பாசி, ஒன்றில் கோழிக்கூட்டு வாழைப்பழம், ஒன்றில் ஊறவைத்த நெல். நெல் என் மூட்டையிலிருந்து போனது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? பத்தடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பத்தடியில் இருக்கும் கிளியைத் தொலைநோக்கியால் பார்க்கிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பறவைகள் வந்தன. ஓசியில் கிடைத்தால் ஆர்தான் வரமாட்டார்கள்? முதலில் காகம், பிறகு மைனா, பிறகு நெற்றியில் சிவப்பு வைத்த குக்குறுவான். மாங்குயில் ஒன்று தினமும் வந்து வாழைப்பழத்தை மட்டும் கொத்திவிட்டுப் போகும். கடைசியாகக் கிளிகள். ஆண் கிளியின் கழுத்தில் ரோஸ் நிற வளையம் இருக்கும், அதன் நடையே வேறு. அழகில்லை என்று நான் சொல்லமாட்டேன். மாங்குயிலின் மஞ்சளைப் பார்க்கும்போது உலையை மறந்து நின்றிருக்கிறேன். ஆனால் அழகைப் பார்க்கிறேன் என்று கதிரையில் சாய்ந்து கிடக்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும். தெருவில் வேலையில்லாத ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு கதிரையோடு வந்து எங்கள் பின்வளவில் குந்தினார்கள். தேத்தண்ணி ஊற்றியது நான்.

கதிர் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. வரம்பில் நின்று ஒரு கதிரின் மணியை நசுக்கிப் பார்த்தேன், விரலில் பால் ஒட்டியது. கிளிக்கு அந்தப் பால்தான் வேண்டும். கதிரைக் கடித்துத் துண்டித்து, ஒரு காலில் பிடித்துக்கொண்டு, பாதியைத் தின்றுவிட்டுப் பாதியைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவும். அதனால் பால் பிடிக்கும் காலத்தில் வட்டை முழுக்க, அதாவது எங்கள் வயல்வெளி முழுக்க, விடியும்போதே சீனவெடி தொடங்கிவிடும், தகரம் அதிரும். அதற்கு எவரும் எங்களுக்குப் பயிற்சி நடத்தவில்லை, சான்றிதழும் தரவில்லை.

அப்போதுதான் முர்ஷித் எங்கள் வட்டவிதானை அபுல் ஹஸன் காக்காவை வீட்டுக்கு அழைத்துவந்தார். வட்டையில் தண்ணீர் திறப்பதிலிருந்து காவல் வரைக்கும் அவர் சொல்தான்.

"கொழும்பிலருந்து பறவ பாக்கிற ஆக்கள் வாறாங்க, காக்கா. ரெண்டு வெள்ளைக்காரரும் வாறாங்க. அண்டைக்கு ஒரு காலைக்கு மட்டும் வெடிய நிப்பாட்டினா பெரிய உதவி" என்றார்.

"வெடிய நிப்பாட்டினா, இது விருந்து இல்ல எண்டு கிளிக்கு ஆரு போய்ச் சொல்லுறது?" என்றேன்.

அபுல் ஹஸன் காக்கா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஒண்டு சொல்லுறன் மகள். வெளியூர் ஆக்கள் நம்மட ஊருக்குள்ள வந்து இறங்கக்குள்ள வெடிச்சத்தம் கேட்டா என்ன நினைப்பாங்க? அந்த ஈஸ்டர் குண்டுக்குப் பொறகு நம்மள எப்பிடிப் பாக்கிறாங்க எண்டு உனக்குத் தெரியாததா? ஒரு காலைதானே. தகரமும் வேணாம். அமைதியா இருந்து அனுப்பி வெப்பம்."

முர்ஷித் சொல்லியிருந்தால் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அந்தக் கிழவர் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டேன். கிளியை விரட்ட வெட்கப்படும் விவசாயியை வேறு ஊரில் தேடினாலும் கிடைக்காது. நாங்கள் வெட்கப்பட்டோம். சம்மாந்துறை முஸ்லிம்கள் நல்லவர்கள், சத்தம் போடாதவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. யாரோ செய்ததற்கு எங்கள் வயல்வெளி வாயைப் பொத்திக்கொண்டது.

விருந்தாளிகள் விடியற்காலையில் வந்தார்கள். பறவை தங்களைக் காணக்கூடாது என்று இலை நிறத்தில் உடுப்பு. பை மேல் பையாகத் தைத்திருந்த அந்த உடுப்பில் எந்தப் பையிலும் ஒன்றுமில்லை. கமராக்கள் ஒவ்வொன்றும் கைக்குழந்தை அளவு இருந்தன, கைக்குழந்தையைப் போலவே தூக்கிவைத்திருந்தார்கள். இரகசியம் பேசுவதுபோல் குசுகுசுத்தார்கள். புட்டும் மீன் ஆணமும் வைத்தேன், அதை மட்டும் சத்தமாகச் சாப்பிட்டார்கள்.

பிறகு எல்லாரும் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். முர்ஷித் புதிதாகப் பப்பாசி வெட்டி, ரோசாப்பூ மாதிரி அடுக்கிவைத்திருந்தார். ஒரு கிளி வரவில்லை. ஒரு மைனாகூட வரவில்லை. அணில் ஒன்று வந்து பப்பாசியை முகர்ந்துவிட்டுப் போனது.

நான் வயலைப் பார்த்தேன். ஏன் வரவில்லை என்று அங்கே தெரிந்தது. வட்டையில் ஒரு வெடி இல்லை, ஒரு தகரம் இல்லை. இவ்வளவு நாளும் விரட்டு வாங்கிய கிளிகளெல்லாம் இறங்கியிருந்தன. அதுவும் என் வயலில்தான் அதிகம். வாரக்கணக்காக இந்த வேலிக்குத் தீன் தேடி வர முர்ஷித் பழக்கியிருந்தாரே, அவற்றுக்கு வழி தெரிந்திருந்தது. பால் கதிர் விரிந்து கிடக்கும்போது வெட்டிவைத்த பப்பாசி எந்தக் கிளிக்கு வேண்டும்?

குழுவுக்குத் தலைவியாக வந்த அம்மா கமராவைத் திருப்பினார். "என்ன அழகு, என்ன அழகு. இவ்வளவு கிளியை ஒரே இடத்தில நான் பார்த்ததே இல்லை" என்றார்.

முர்ஷித் ஒரு நொடிதான் தடுமாறினார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, என் வயலைக் கையால் காட்டி, "இதுதான் மேடம் நம்மட இயற்கை உணவு நிலையம்" என்றார்.

பலகை, கம்பு, தட்டு, பப்பாசி எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடிபட்டுப் போனது. என் வியர்வை நிலையமாகிவிட்டது. வட்டவிதானையின் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு காலை என்று வந்தவர்களுக்குப் போக மனம் வரவில்லை. மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள். அபுல் ஹஸன் காக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது, ஆனாலும் விருந்தாளியைப் போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் வரம்பில் காலை வைத்தபோது, கிள்ளிப்போட்ட கதிர்கள் தண்ணீரில் மிதந்தன. வீட்டுக்குள் போய்ப் பால்மா டின்னையும் அகப்பையையும் எடுத்துவந்து, வயலுக்குள் இறங்கி, தலைக்கு மேலே தூக்கி அடித்தேன். கிளிகள் மொத்தமாக எழும்பின. வானம் கொஞ்ச நேரம் பச்சையாக இருந்தது.

எனக்குப் பின்னால் கமராக்கள் சடசடத்தன. கைதட்டினார்கள். நான் அழுதுகொண்டு நின்றேன், அதை ஒருவரும் எடுக்கவில்லை.

அந்தப் படம் முகநூலில் ஓடு ஓடென்று ஓடியது. இரண்டு கைகளையும் உயர்த்தி நான் நிற்கிறேன், சுற்றிலும் கிளிகள். கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: 'தன் விளைச்சலைப் பறவைகளோடு பகிர்ந்துகொள்ளும் கிராமத்துப் பெண்.' என் கையில் இருந்த டின்னைத் தானியப் பாத்திரம் என்று நினைத்திருக்கிறார்கள். முர்ஷித் அதைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அறுவடைக்கு மெசின் இறங்கியது. வீட்டுப் பக்கத்துப் பாதியில் பதர்தான் பறந்தது. மறுபாதி நல்ல நெல். இரண்டையும் சேர்த்தும் குத்தகைக்காரன் எடுத்ததுக்குக் கிட்டவும் வரவில்லை.

மூட்டை கட்டி முடியவில்லை, முபாறக் காக்கா வந்துவிட்டார். வந்ததும் போனை மேசையில் வைத்தார். அந்தப் படம்தான்.

"கிளிக்குப் பகிர்ந்து குடுக்கத்தானா வாப்பா உனக்குக் காணி எழுதினாரு? ஊரே சிரிக்கிது. வாக்கு வாக்குத்தான் ஹிமாயா, வாற போகம் நான் இறங்கிறன்" என்றார்.

"வெடிய நிப்பாட்டினது நான் இல்ல" என்றேன்.

அவர் முர்ஷித்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மச்சான். நிப்பாட்டினது ஆரு?"

நானும் பார்த்தேன். ஒரு சொல் போதும். 'நான்தான்' என்று சொன்னால் முடிந்தது. இவருடைய காடைகளை மறந்துவிட்டேன், காளானை மறந்துவிட்டேன், இந்த ஒரு சொல்லுக்காக இந்த மனிதரை முழுசாக மன்னிக்கத் தயாராக நின்றேன். முர்ஷித் சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தார், பிறகு தன் விரல் நகத்தைப் பார்த்தார்.

"அது... எல்லாருமாச் சேந்து எடுத்த முடிவு மச்சான். பறவையும் அல்லாஹ்ட படைப்புத்தானே" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவர் பக்கம் திரும்பவில்லை. போனை எடுத்து, படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, கிளிகளைத் தள்ளி, என் இடுப்புக்குக் கீழே இருந்த கதிரில் கொண்டுபோய் நிறுத்தி, முபாறக் காக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"கிளியப் பாக்காதீங்க, கதிரப் பாருங்க. நீங்க வெள்ளாமக்காரன்தானே. இது விளைஞ்ச வயலா, விளையாத வயலா?"

அவர் வாங்கிப் பார்த்தார். காணியில் எவ்வளவு ஆசை இருந்தாலும் கதிரைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வராது, சின்ன வயதிலிருந்து சேற்றில் நின்ற ஆள். கிளி விட்டுவைத்த ஒவ்வொரு கதிரும் மணி பிடித்துத் தலை சாய்ந்து நின்றது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "விளைஞ்சிதான் இரிக்கி" என்று முணுமுணுத்தார்.

"விளைஞ்சா நீயே வெச்சிக்க எண்டுதானே பேச்சி. விளைஞ்சத ஆரு திண்டாங்க எண்டு பேசல்லியே. உம்மாட்டக் கேப்பமா?"

அவர் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனார். காணி என்னோடு நின்றது.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும் முர்ஷித் ஒரு சிரிப்போடு பக்கத்தில் வந்தார். "பாத்தீங்களா, அந்தப் போட்டோதான் நம்மளக் காப்பாத்திச்சி. அண்டைக்கு ஆக்களக் கூட்டி வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சி" என்றார்.

கிளிக்குப் பசி. காக்காவுக்கு மண்ணாசை. இரண்டும் எனக்கு விளங்கும், இரண்டோடும் சண்டை பிடிக்கவும் தெரியும். இவரோடு எதை வைத்துச் சண்டை பிடிப்பது என்றுதான் தெரியவில்லை. பெரும்போகத்துக்கு விதைக்கத் தொடங்கிவிட்டேன். சமைக்கிறேன், பகலைக்கு அவருடைய பீங்கானில் சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுகிறேன். நான் போன பிறகு வந்து சாப்பிடுகிறார்.