குறுந்தடத்தின் கடைசி வண்டி

தண்டவாளப் பள்ளத்துக்குள் இறுகிப்போயிருந்த நிலக்கரித் தூளையும் அழுகிய இலைகளையும் இரும்புச் சுரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார் ஃபோல்க்மார் வாப்ளர். நவம்பர் மழை கழுத்துப் பட்டைக்குள் இறங்கியது. லிம்பாக்கர் தெருவின் ஏற்றத்தில் டிராம் முனகிக்கொண்டு வருவது கேட்டதும் ஓரமாக ஒதுங்கி நின்றார். ஒதுங்கிய பிறகும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டுவது யார் என்று நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்தது. வண்டியை அவர் பக்கத்தில் மெதுவாக்கி, சன்னலை இறக்கித் தலையை நீட்டினான் சீக்மார் ஊலிக். இருவரும் ஒரே வருடத்தில் டிராம் ஓட்டக் கற்றவர்கள்.

"என்ன வாப்ளர், சுரண்டிச் சுரண்டியே மேற்கு ஜெர்மனி போய்ச் சேந்துடலாம்னு பாக்கறியா? திசைய மாத்திப் பிடிச்சிருக்க, இந்தப் பக்கம் தோண்டினா மாஸ்கோதான் வரும்!"

வண்டிக்குள் சிரித்தார்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரி ஃபிராவ் க்ளெம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் வண்டி ஓட்டிய நாட்களில், அவள் மூச்சு வாங்க ஓடி வருவதைப் பார்த்தால் அவர் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். எத்தனையோ குளிர்காலம் அப்படிக் காத்திருந்திருக்கிறார். அது நினைவுக்கு வந்தபோது, அவளைவிடத் தன்மேல்தான் அவருக்கு எரிச்சலாக வந்தது. வண்டி நகர்ந்தது. சக்கரம் வாரி அடித்த சேற்று நீர் காற்சட்டையை முழங்கால்வரை நனைத்தது.

அந்த வசந்தத்தில்தான் அவரும் மனைவி இங்கெபோர்கும் கிழக்கு ஜெர்மனியை விட்டு வெளியேற விண்ணப்பித்திருந்தார்கள். மகள் அன்னெகிரெட் லைப்சிக் சந்தையில் சந்தித்த, மேற்கு ஜெர்மனியின் காஸல் ஊர்க்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, மூன்று வருடம் அலைந்து அனுமதி வாங்கி எல்லைக்கு அப்பால் போய்விட்டாள். பிப்ரவரியில் அவளுக்குப் பெண் குழந்தை. படத்தில் மட்டும் பார்த்த பேத்தி. விண்ணப்பம் உள்ளே போன மறுவாரமே பணிமனையில் அவரைக் கூப்பிட்டார்கள். நாட்டையே கைவிடத் துணிந்தவன் கையில் பயணிகளின் உயிரை ஒப்படைக்க முடியாது என்றார்கள். கையில் சுரண்டியையும் துடைப்பத்தையும் கொடுத்தார்கள். இங்கெபோர்கைக் காலுறை ஆலையின் வடிவமைப்புப் பிரிவிலிருந்து பெட்டி கட்டும் இடத்துக்குத் தள்ளினார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பெட்டி கட்டிப் பழகிக்கறேன், நமக்கும் உதவும்" என்றாள். அவரால் அப்படிச் சிரிக்க முடியவில்லை.

கார்ல் மார்க்ஸ் நகரில் அப்போது இரண்டு அளவில் தண்டவாளங்கள் இருந்தன. குதிரைகள் இழுத்த காலத்தில் போட்ட தடம் ஒரு மீட்டர்கூட அகலம் இல்லாதது. அதன்மேல் இரண்டு அச்சுள்ள சின்ன வண்டிகள், கட்டிலில் புரண்டு படுப்பவனைப் போல ஆடி ஆடிப் போகும். போருக்குப் பிறகு எல்லாவற்றையும் அகலத் தடமாக மாற்றிவிட முடிவு செய்தார்கள். பிராகிலிருந்து டாட்ரா வண்டிகள் வந்து இறங்கின. முப்பது வருடத்தில் ஒவ்வொரு தெருவாகக் குறுந்தடத்தைப் பிடுங்கிப் பிடுங்கி, கடைசியில் ரோட்லுஃப் போகும் ஒரே ஒரு பாதை மிஞ்சியது. டாட்ரா ஓட்டுநர்கள் மெத்தை இருக்கையில் உட்கார்ந்து காலால் மிதித்து ஓட்டினார்கள். குறுந்தட வண்டிகளை அவர்கள் 'காப்பி அரைக்கிற மெஷின்' என்பார்கள், கைப்பிடியைச் சுற்றி ஓட்டுவதால். வாப்ளருக்கு அந்தக் கைப்பிடியைத் தவிர வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கூட்டங்களில் அவர் வாய் திறந்தால் பக்கத்திலிருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வீட்டிலும் முடிவுகள் இங்கெபோர்குடையவை. அந்தப் பித்தளைக் கைப்பிடியை ஒரு பல் முன்னே தள்ளினால் மட்டும் ஐம்பது பேர் ஒன்றாக அசைந்தார்கள்.

அன்று மதியம் பணிமனைத் தலைவர் ரீடெல் அவரை அறைக்கு அழைத்தார். மேற்கிலிருந்து வந்த நல்ல காப்பியின் வாசனை அறையில் இருந்தது. ரீடெல் தானே கோப்பையில் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க வாப்ளர். நனைஞ்சிட்டீங்களே. டிசம்பர்ல ரோட்லுஃப் பாதைய மூடறோம், தெரியும்ல? பேண்டு வாத்தியம், கொடி, மாலை, எல்லாம் ஏற்பாடு பண்றோம். கடைசி வண்டிய யாரு ஓட்டறதுன்னுதான் ஒரே யோசனை."

வாப்ளர் கோப்பையைத் தொடவில்லை.

"மூப்புப் பிரகாரம் பாத்தா நீங்கதான். ஆனா போகப் போறவர் கையில எப்படிக் குடுக்கறது, சொல்லுங்க? தங்கப் போறவருக்குன்னா, அது வேற."

"விண்ணப்பத்தத் திரும்ப வாங்கிக்கச் சொல்றீங்களா?"

"நான் எதையும் சொல்லல. நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா?" ரீடெல் சிரித்தார். "அங்க போய் என்ன செய்வீங்க? காஸல்ல உங்களுக்காகவா குறுந்தடம் போட்டு வெச்சிருக்காங்க?"

வாப்ளர் நான்கு நாள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் வேலை முடிந்ததும் உள்துறை அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்திலிருந்து தன் பெயரை மட்டும் எடுத்துவிட்டார். பேத்தியைப் பிறகும் பார்க்கலாம், ஓய்வு பெற்றவர்களை அரசு எப்படியும் போக விடும், நடுவில் சில வருடம்தானே என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தார். சொல்ல வேண்டியவளிடம் சொல்லவில்லை. மாலையில் சொல்லலாம் என்றிருந்தது ஞாயிற்றுக்கிழமை என்றாகி, அதுவும் தள்ளிப்போனது.

அவர் சொல்வதற்குள் அலுவலகத்தில் இங்கெபோர்குக்குச் சொல்லிவிட்டார்கள். அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரே ஒரு தட்டு. அதில் தயிர்க்கட்டி, மேலே ஆளிவிதை எண்ணெய்.

"ஆபீஸ்ல மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பொண்ணுக்கு என் மக வயசுதான் இருக்கும்" என்றாள் அவள், கத்தியிலிருந்து கண் எடுக்காமல். "உங்க வீட்டுக்காரர் மனசு மாறிட்டாரே, உங்களுக்குச் சொல்லலியான்னு கேட்டா. சிரிச்சுக்கிட்டே கேட்டா. எனக்குத் தெரியுமேன்னு சொன்னேன். எனக்கும் கொஞ்சம் மானம் இருக்குல்ல?"

"இங்கெபோர்க், நான் சொல்லணும்னுதான்..."

"எதுக்காக?"

அவர் வாய்க்குள்ளேயே சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வைத்தாள். கடைசி வண்டி என்ற சொற்களை அவர் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னபோது அந்தச் சமையலறையில் அது எவ்வளவு சின்னதாக ஒலித்தது என்று அவருக்கே கேட்டது.

"உனக்கு வேற எவளோ ஒருத்தி இருக்கான்னு நெனச்சேன்" என்றாள் இங்கெபோர்க். "பொம்பளையா இருந்திருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்."

உரித்த கிழங்குகளைச் சட்டியில் போட்டாள். அவள் வயிற்றுக்கு வேண்டிய அளவுதான் உரித்திருந்தாள். உரிக்காத மிச்சத்தைச் சாக்கோடு அவர் காலடிக்குத் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து தன் துணியை மட்டும் துவைத்தாள், தன் கோப்பையை மட்டும் கழுவினாள். தன் விண்ணப்பத்தை மட்டும் அவள் திரும்ப வாங்கவில்லை.

அவளுக்கு அனுமதி டிசம்பரில் வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிறு நள்ளிரவுக்குள் குடியரசின் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். குறுந்தடத்தை மூடும் விழா அதே ஞாயிறு மதியம். அதைத் தற்செயல் என்று நம்ப வாப்ளர் முயன்றார். இங்கெபோர்க் முயலக்கூட இல்லை.

ஞாயிறு காலை அவர் சீருடைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டார். கூடத்தில் இரண்டு பெட்டிகள் கயிறு கட்டி நின்றன. சின்னதை அவளால் தூக்க முடியும். பெரியதைத் தூக்க முடியாது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"ரெண்டரைக்கு ரயில்" என்றாள். "ஸ்டேஷன் வரைக்கும் பெட்டிய மட்டும் தூக்கிட்டு வா. வேற எதுவும் கேக்கல."

"நான் ஒண்ணரைக்கு அங்க நிக்கணும், இங்கெபோர்க். இன்னிக்குன்னு பாத்து..."

அவள் கயிற்றை அவிழ்த்துப் பெரிய பெட்டியைத் திறந்தாள். போர்வையை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு அவளுடைய அம்மாவின் சுவர்க் கடிகாரத்தை. பிறகு குழந்தைக்குப் பின்னிய சட்டைகளில் பாதியை. எடுக்க எடுக்கப் பெட்டி இளைத்தது. அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போனார்.

நிறுத்தத்தில் வாத்தியக்காரர்கள் ஏற்கெனவே ஊதிக்கொண்டிருந்தார்கள். தணல் அடுப்பில் சாசேஜ் வெந்துகொண்டிருந்தது. ஊசியிலை மாலை போட்டு நின்றது வண்டி. சனங்கள் உள்ளே புகுந்து ஞாபகத்துக்கென்று கிடைத்ததையெல்லாம் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கைப்பிடி வார்களை அறுத்தான், இன்னொருவன் திருப்புளியால் 'துப்பாதீர்கள்' பலகையைக் கழற்றினான். வாப்ளர் அவர்களை விலக்கிக்கொண்டு முன்பக்கம் போனார். அங்கே சீக்மார் ஊலிக் நின்றுகொண்டிருந்தான், கோட்டில் பூ குத்தியபடி.

"நீ ஏன் இங்க நிக்கற?"

"நான்தான ஓட்டறேன்" என்றான் சீக்மார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். "உனக்குத் தெரியாதா? அக்டோபர்லயே எங்கிட்டச் சொல்லிட்டாங்களேப்பா. பேப்பர்ல எல்லாம் பேர் குடுத்தாச்சு."

ரீடெல் காப்பி ஊற்றிக் கொடுத்தது நவம்பரில்.

"எங்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலியே" என்றான் சீக்மார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் இல்லாம, ஊரை விட்டே போறவன்னு நெனச்சேன். உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்றான்.

ரீடெல் கையில் சாசேஜோடு வந்தார். கோபித்துக்கொள்ளவோ மன்னிப்புக் கேட்கவோ இல்லை. "அட வாப்ளர், வந்துட்டீங்களா? போட்டோக்காரங்க வந்திருக்காங்க, உங்க மூஞ்சிய எப்படிங்க போடறது? பொண்டாட்டி இன்னிக்குத்தான் எல்லை தாண்டறா. ஆனா நான் சொன்ன வாக்கு வாக்குதான். விழா முடிஞ்சதும் வண்டிய யார்டுக்கு நீங்கதான் ஓட்டிட்டுப் போறீங்க. ரொம்பக் கடைசி ஓட்டம் அதுதான? யோசிச்சுப் பாத்தா உங்களுக்குத்தான் லாபம்."

நிறுத்தத்துக் கடிகாரத்தில் ஒன்றே முக்கால். ரயில் நிலையம் ஓடிப்போகும் தூரத்தில்தான் இருந்தது. திறந்த பெட்டியின் முன் குனிந்திருந்த இங்கெபோர்கின் முதுகு அவர் கண்முன் வந்தது. ஓடினால் பெட்டியையாவது தூக்கி ஏற்றிவிடலாம். அவர் ஓரடி எடுத்து வைத்தார். சீக்மார் கைப்பிடியை மாட்டி ஒரு பல் முன்னே தள்ளினான். வாத்தியம் உச்சத்துக்குப் போனது. வண்டி அசைந்ததும் கூட்டம் கத்தியது. வாப்ளர் பின்படியில் தொற்றிக்கொண்டார்.

திரும்பி வந்து ஆட்கள் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சீக்மார் கைப்பிடியைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு, பீர் குடிக்கப் போனான். காலி வண்டியை அவர் ஓட்டினார். மணி மிதியை மிதித்தார், ஓசை வரவில்லை. மணியையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பழைய வண்டிகளை உடைக்கும் யார்டுக்குள் நுழைந்ததும் மேலே கம்பியில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். விளக்குகள் செத்தன. வண்டி தன் வேகத்திலேயே கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. கடப்பாரையோடு நான்கு பேர் காத்திருந்தார்கள். வருடக் கடைசிக்குள் யார்டு காலியாகிவிடும் என்று ரீடெல் மேலிடத்துக்கு முன்கூட்டியே எழுதிவிட்டதால், இன்றே எரித்தாக வேண்டும். மரத்தை எரித்தால் இரும்பு தனியாக நிற்கும்.

"இறங்குறீங்களா பெரியவரே, இல்ல உங்களையும் சேத்துக் கொளுத்தவா?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் இறங்கினார். கொட்டகைக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று, தண்ணீர்க் குழாயை அவர் கையில் கொடுத்தார்கள். மாலையோடு சேர்த்தே பற்றவைத்தார்கள். முதலில் ஊசியிலை படபடவென்று வெடித்தது. பிறகு பக்கச் சுவரில் தந்த நிறச் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்தது. அதன் அடியில் போருக்குப் பிந்திய காலத்துச் சிவப்பு தெரிந்தது. சிவப்பு சுருண்டு விழ, அவர் பிறப்பதற்கு முன் பூசிய ஒரு பச்சை, கழுவித் துடைத்ததுபோல் புத்தம் புதிதாக, ஒரு கணம் முழுச் சுவரிலும் பளிச்சிட்டது. வாப்ளர் குழாயைத் தரையை நோக்கிப் பிடித்தபடி ஓரடி கிட்டப் போனார். பச்சையும் கறுத்து மடிந்து விழுந்தது. அதற்கடியில் வெறும் பலகை இருந்தது.