ஆளில்லாத காணி

கணினி நிரலில் அல்பொன்சா எழுதிய முதலாவது கிளாஸுக்கு ‘காணி’ என்று பெயர். யுத்தம் முடிந்து ஆலங்குடாப் பக்கம் ஹோட்டல்கள் முளைக்கத் தொடங்கியிருந்த காலம். கடற்கரைக் காணிகளை விற்க ஒரு கம்பனி இணையத்தளம் கேட்டிருந்தது. பாலாவிச் சந்தியில், லொறிகளின் இரைச்சலுக்கு மேலே இருந்த மாடியறையில், இணையத்தளங்கள் செய்துகொடுக்கும் றொபின்சன் அந்த வேலையைச் செய்துகொண்டே அவளுக்கும் கற்றுக்கொடுத்தான். கிளாஸ் என்பது வீட்டுப் பிளான் மாதிரி, அதை வைத்துக் கட்டுகிற ஒவ்வொரு வீடும் ஒரு ஒப்ஜெக்ட் என்றான். அவளுக்கு உடனே பிடிபட்டது. பெயர், பரப்பளவு, கடலோரம் எத்தனை அடி, ஆட்கள் இருக்கிறார்களா. கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று கிளாஸிலேயே எழுதிவிடச் சொன்னான். மாற்றிச் சொல்லாதவரை, அதிலிருந்து பிறக்கும் எல்லாக் காணியும் ஆளில்லாமலே பிறக்கும். ஒரு வரி தட்டினால் ஒரு காணி திரையில் வந்து நின்றது. அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கம்பனி படங்கள் அனுப்பியது. உயரத்திலிருந்து எடுத்தவை. ஒன்றில் கிடுகு வேய்ந்த மீன்வாடிக் குடிசை, பக்கத்தில் நீலப் படகு, மணலில் கருவாடு காயும் பாய்கள். பாயருகே குனிந்திருந்தது அவளுடைய அம்மா கத்தரினா.

அல்பொன்சா அந்த ஒரு காணிக்கு மட்டும் ‘உண்டு’ என்று மாற்றினாள். விற்பனைப் பக்கத்திலிருந்து அது மறைந்தது. திரும்பியபோது றொபின்சன் பின்னால் நின்றான்.

“ஆற்ற வாடி தங்கச்சி?”

“எங்கட. அப்பா பிறந்ததே அங்கதான்.”

காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டான். அந்தக் கரையில் யாரிடமும் உறுதி இல்லை என்றாள். அவன் கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

“ஆக்கள் இருக்கினமே எண்டு நானும் கேட்டனான். இணையத்தளம் திறக்கேக்க அங்க ஒருத்தரும் இருக்கமாட்டினம் எண்டு கம்பனிக்காரங்கள் சொன்னாங்கள்.”

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வழி முழுக்கப் பஸ் காற்றாலைகளைத் தாண்டிப் போவது அவளுக்குத் தெரியவில்லை.

வாடிக்கு முன்னால் கம்பனிப் பெயர் எழுதிய வெள்ளை வான் ஒன்று நின்றது. தொப்பி போட்ட ஒருவன் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்திருந்தான். மறுமுனை அவளுடைய அப்பா பேதுருவின் கையில் இருந்தது. யார் உதவி கேட்டாலும் செய்கிற மனுசன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார்.

“அப்பா, அத விடுங்க,” என்றபடி ஓடினாள். காற்று எதிர்த்திசையில் அடித்தது.

“போதுமா மாத்தயா?” என்று அவர் பணிவாகக் கேட்டார்.

தொப்பிக்காரன் இன்னும் போகும்படி கையசைத்தான். பேதுரு நாடாவை இறுக்கிப் பிடித்தபடி ஓர் அடி பின்னால் வைத்தார். அலை அவருடைய முழங்காலை நனைத்தது.