திர்சாவின் வக்காலத்து

அமெரிக்காவின் வடக்குப் பக்கத்து ஹால்வோர் ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கும் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கொடியில் உறைந்து நிற்கும் துணி எதைக் குறிக்கிறது? திர்சா கென்ட்ரிக்கின் உறைந்துபோன இதயத்தைக் குறிக்கிறது. பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் கோர்டி சொல்வான், பல் வைத்தியர் சொல்வார், ஒருமுறை சிறைக்குப் போய்வந்தவன்கூடத் தடுமாறாமல் சொல்வான். எல்லாரும் ஹார்லன் ஸ்கோகனிடம் படித்தவர்கள். ஊர் உயர்நிலைப் பள்ளியில் அவர் முப்பது வருஷத்துக்கு மேல் இலக்கியம் நடத்தினார். வருஷா வருஷம் திர்சா வருகிற அந்த ஒரே நாவலை நடத்தினார், வருஷா வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டார். வேறு பதில் எழுதினால் சிவப்பு மையில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

நாவலின் கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. டகோட்டா பக்கம் கோதுமை போடுகிற ஆம்ப்ரோஸ் கென்ட்ரிக், அவன் மனைவி திர்சா, அவர்களுக்கு ஒரு சின்னப் பையன். ஜனவரி மாதம் ஒருநாள் காலையில் திர்சா துணி துவைத்துக் கொடியில் போடுகிறாள். பொழுது சாய்வதற்குள் ரயிலேறிப் போய்விடுகிறாள். துணி பலகை மாதிரி விறைத்துவிடுகிறது. பனி உருகும்வரை ஆம்ப்ரோஸ் அதைத் தொடவே இல்லை. புத்தகம் வெளிவந்த நாளிலிருந்து நாடு முழுக்க வாத்தியார்கள் அந்தத் துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் அதைச் சமாதானக் கொடி என்பார், இன்னொருவர் பிணத்துக்குப் போர்த்தும் துணி என்பார். ஹார்லனுக்கு அது இதயம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, ஹார்லனின் முயலுக்கு அந்த மூன்று காலும் உறைந்திருந்தன.

அவர் மனைவி ஆர்டிஸுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. புருஷன் ஒரு புத்தகத்தில் என்ன அர்த்தம் கண்டுபிடித்தால் அவளுக்கென்ன? ஆனால் அந்த அர்த்தம் ஒருநாள் புத்தகத்தை விட்டு இறங்கி அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம். அவர்களுடைய ஒரே மகள் மார்னி, புருஷன் டேரிலை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். டேரில் ஹார்லனுக்குப் பிடித்த மாணவன், பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளன், ஊரே மெச்சுகிற பையன். அடித்தானா, குடித்தானா என்று ஹார்லன் கேட்டார். இல்லை என்றாள் மார்னி. அந்த வீட்டில் தன்னால் மூச்சுவிட முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். ஹார்லன் வாசற்கதவைப் பிடித்தபடியே கேட்டார்:

"அந்தப் புத்தகத்தை உனக்கு நானே நடத்தினேன். கடைசில நீ அதுலேர்ந்து கத்துக்கிட்டது திர்சாவா மாறத்தானா?"

மார்னி பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிக் காரில் ஏறினாள். அதன்பிறகு வரவில்லை. இப்போது டுலூத் நகரத்தில் ஒரு கண் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். ஹார்லன் முடிவெட்டப் போகும்போதும், வாசலில் பனி தள்ளப் போகும்போதும் ஆர்டிஸ் அவளோடு போனில் பேசுவாள். புருஷன் பனி தள்ளுவதற்காக ஆண்டவரிடம் பனி கேட்டு ஜெபித்த ஒரே பெண் அந்த மாநிலத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

நவம்பர் கடைசியில் குடும்பமே கூடிச் சாப்பிடுகிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு இந்த வருஷம் மகள் வந்தே ஆக வேண்டும் என்று ஆர்டிஸ் முடிவு கட்டிவிட்டாள். மார்னி பிடி கொடுக்கவில்லை.

"நீ கூப்பிட்டு நான் வந்தா, பின்வாசல் வழியா வந்த மாதிரிம்மா. அப்பா கூப்பிடட்டும். அவர் வாயாலயே கூப்பிடட்டும், வர்றேன்."

"அவரைப் பத்திதான் உனக்குத் தெரியுமே."

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு உபாயம் எங்கிருந்தாவது வரும். ஆர்டிஸுக்கு நூலகத்தின் கீழ்த்தளத்திலிருந்து வந்தது.

அங்கே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் புத்தக வட்டம் கூடும். நூலகர் நோரீன் நடத்துகிறாள். ஆர்டிஸின் வேலை காப்பி போடுவது, எலுமிச்சை பார் என்கிற இனிப்பைச் சுட்டு வருவது, சீட்டெழுதுவது. அந்த வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுத்த மாதத்து நாவலின் பாத்திரங்களைச் சீட்டில் எழுதி ஒரு தொப்பியில் போடுவார்கள். யார் கையில் எந்தப் பாத்திரம் வருகிறதோ, அந்தப் பாத்திரத்துக்காக அவர் வக்காலத்து வாங்க வேண்டும். 'அவள்', 'அவன்' என்று பேசக் கூடாது, 'நான்' என்றுதான் பேச வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம். எந்தக் கேள்விக்கும் 'அது புத்தகத்தில் இல்லை' என்று நழுவக் கூடாது. வந்த பாத்திரத்தை மாற்றிக்கொள்ளவும் கூடாது. ஒருமுறை பாதிரியாருக்கே ஒரு குதிரைத் திருடன் வந்தான், அவரும் மறுக்காமல் பேசினார்.

நவம்பருக்கு ஹார்லன் நடத்திய நாவலையே எடுக்கலாம் என்று ஆர்டிஸ்தான் நோரீனிடம் சொன்னாள். அக்டோபர் கூட்டத்தில் தொப்பியை முதலில் புருஷனிடம் நீட்டினாள். வயதில் மூத்தவர், வாத்தியார், முதல் மரியாதை அவருக்குத்தானே? அவர் எடுத்துப் பிரித்தார். காது மடல் சிவந்தது. திர்சா.

"காப்பி கொதிக்குது போல" என்று ஆர்டிஸ் தொப்பியோடு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது தொப்பியில் வேறு சீட்டுகள் இருந்தன. வாழ்நாளில் கடைக்காரரிடம் ஒரு சல்லிக்காசுகூட ஏமாற்றாத லூத்தரன் சபைப் பெண்மணி அவள். அன்று இரவு ஜெபத்தில் அதற்கு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

அந்த மாதம் முழுக்க வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிரப் பேச்சு எரியவில்லை. ஹார்லன் நாவலை மறுபடி படித்தார். ஓரங்களில் தானே எழுதிய குறிப்புகளைப் பார்த்தால் கோபம் வந்தது, பார்க்காவிட்டால் பயம் வந்தது. ஊருக்கெல்லாம் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிக் கொடுத்தவர் இப்போது அதே ஆளுக்கு வக்கீலாக நிற்க வேண்டும். தனக்கு வந்தால்தானே தெரியும் தலைவலியும் காய்ச்சலும்!

கூட்டத்துக்குக் காரில் போகும்போதுதான் வாயைத் திறந்தார்.

"எத்தனை சீட்டுல திர்சா பேர் எழுதியிருந்தே?"

ஆர்டிஸ் மடியிலிருந்த பார் தட்டைப் பார்த்தாள். "எல்லாத்துலயும்."

"நான் எத்தனை காப்பியடிச்ச பசங்களைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா?"

"தெரியும். பிடிச்சும் ஏன் ஒரு மாசம் சும்மா இருந்தீங்க?"

ஹார்லன் வண்டியை நூலகத்தின் பின்பக்கம் நிறுத்தினார். பதில் இல்லாததே ஆர்டிஸுக்குக் கொஞ்சம் நம்பிக்கையாக இருந்தது.

கோர்டி ஆம்ப்ரோஸுக்காகப் பேசி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு உட்கார்ந்தான். ஹார்லன் எழுந்தார். வெள்ளை மீசையைத் தடவிக்கொண்டு, "நான் திர்சா கென்ட்ரிக்" என்றார்.

"ஆம்ப்ரோஸ் ஏன் தேடி வரலன்னு இப்பப் புரியுது சார்" என்றான் கோர்டி. கூட்டம் மறுபடி சிரித்தது. ஹார்லனும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கால் கொஞ்சம் தரையில் ஊன்றியது.

முதலில் வகுப்பறைக் குரலில்தான் பேசினார். கல்யாணத்தின்போது திர்சாவின் வயது, அக்கம்பக்கமே இல்லாத வீடு, ஆம்ப்ரோஸ் பேசாத நாட்கள். எல்லாம் அத்தியாயம் அத்தியாயமாக, கச்சிதமாக. கெட்டிக்கார வக்கீல் பணத்துக்குப் பேசுகிற மாதிரி இருந்தது. ஆர்டிஸுக்கு நம்பிக்கை போய்விட்டது. இந்த மனிதர் இதையும் ஒரு பாடமாக நடத்தி முடித்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார் போலிருந்தது.

கேள்வி நேரம் வந்தது. கோர்டி கை தூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரியே.

"எல்லாம் சரி சார். அந்தத் துணி? இதயம் உறைஞ்சுபோச்சுன்னு எழுதினதுக்குத்தான் நீங்க எனக்கு அஞ்சு மார்க் போட்டீங்க."

"அந்த அஞ்சு மார்க்கைத் திருப்பிக் குடுத்துடு."

"என்ன சார் இது!"

"கோர்டி, துணியைக் கொடியில போடறவ எதுக்குப் போடுவா? சாயங்காலம் எடுத்து மடிக்கத்தானே? ஓடிப்போகணும்னு முடிவு பண்ணினவ, விடியக்காலைல எழுந்து, ஐஸ் மாதிரி தண்ணில கைய வச்சு, புருஷன் சட்டையத் துவைப்பாளா?" குரலில் வகுப்பறை கழன்றுகொண்டிருந்தது. "காலைல போகணும்னு நான் நெனைக்கவே இல்ல. சாயங்காலம் இருப்பேன்னுதான் நெனைச்சேன். மத்தியானத்துக்கு மேல என்னால முடியல, அவ்வளவுதான். அந்தத் துணி எதையும் குறிக்கல. நான் இருக்கத்தான் பாத்தேன்னு அதுக்குத் தெரியும்."

கோர்டி கையைக் கீழே இறக்கினான்.

மூன்று வருஷமாக அந்த வட்டத்தில் ஆர்டிஸ் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. காப்பிக் கூஜாவோடு மூலையில் நின்றுகொண்டிருப்பாள். இப்போது கூஜாவைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணு கேக்கணும்."

நோரீன் ஆச்சரியத்தோடு தலையாட்டினாள்.

"நீ ரயில் மாறின ஊர்லதானே உங்கப்பா வீடு இருந்துச்சு? ஸ்டேஷன் பெஞ்சுலயே உக்காந்துட்டு அடுத்த ரயில்ல ஏறிப் போயிட்டியே. அங்க ஏன் போகல?"

நாவலில் அது ஒன்றரைப் பக்க அத்தியாயம். பரீட்சைக்கு வராது என்று சொல்லி ஹார்லன் எந்த வருஷமும் நடத்தாத அத்தியாயம். திர்சா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், தூரத்தில் அப்பா வீட்டுப் புகைபோக்கியில் புகை தெரிகிறது, ரயில் வருகிறது, ஏறுகிறாள். ஏன் என்று எழுதியவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

ஹார்லன் மனைவியைப் பார்த்தார். "அது புத்தகத்துல..."

நோரீன் கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். விதி விதிதான்.

ஹார்லன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா நல்லவர்" என்றார். "நெறையப் படிச்சவர். ஊர்ல எல்லாருக்கும் அவர் மேல மரியாதை. எதைக் காட்டினாலும் அதுக்கு ஒரு அர்த்தம் சொல்லுவார். நான் போய் வாசல்ல நின்னேன்னா..." நிறுத்தினார். "நின்னேன்னா என்னைப் பாக்க மாட்டார். நான் எதைக் குறிக்கிறேன்னு பாப்பார். சாப்டியான்னு கேக்க மாட்டார். எனக்கு அது முன்னாடியே தெரியும். அதனால போகல."

உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. அந்த ஊரில் மார்னி விஷயம் தெரியாதவர் யார்? தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிறவரும் யாரும் இல்லை. எல்லாரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். தட்டில் கடைசி எலுமிச்சை பார் அப்படியே கிடந்தது. கடைசித் துண்டை எடுப்பது மரியாதை இல்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம், அதை எடுக்கிற துணிச்சல் எவருக்கும் என்றைக்கும் வந்ததில்லை. கோர்டி மட்டும் வாசலில் வாத்தியாரின் கோட்டைப் பிடித்துப் போட்டுவிட்டான். "பாத்துப் போங்க சார், ரோடு வழுக்குது" என்றான்.

காரில் ஏறிய ஹார்லன் சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடியில் பனி விழுந்து உருகிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் வாய் திறக்கவில்லை. திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நாற்பது வருஷத்துக் குடித்தனம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. இப்போது ஒரு வார்த்தை அவள் சொன்னால், பிறகு அவர் கூப்பிடுவது அவருடைய கூப்பிடலாக இருக்காது.

"அவ நம்பர் மாறிடுச்சு இல்ல?" என்றார் கடைசியில். "எங்கிட்ட இருக்கறது போகல."

அப்படியானால் எப்போதோ முயன்றிருக்கிறார்! ஆர்டிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாளா? கேட்கக்கூட ஒரு கௌரவமா? தன் போனில் நம்பரை அழுத்தி அவர் கையில் கொடுத்தாள்.

இரண்டாவது மணியிலேயே மார்னி எடுத்துவிட்டாள். "சொல்லும்மா. அப்பா எங்க போயிருக்கார்?"

"அம்மா இல்ல. நான்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை. பிறகு மார்னியின் குரல் உடைந்து வந்தது.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு? அப்பா, அம்மாவுக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க!"

ஹார்லன் முகம் சுருங்கியதை ஆர்டிஸ் பார்த்தாள். தான் கூப்பிட வேண்டுமென்றால் யாராவது செத்திருக்க வேண்டும் என்று மகள் நினைக்கிறாள். அதற்கு அவரிடம் எந்த விளக்கமும் இல்லை. 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று கத்த ஆர்டிஸுக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார். "பக்கத்துலதான் உக்காந்திருக்கா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. நான்தான் கூப்பிட்டேன். தேங்க்ஸ்கிவிங்குக்கு வீட்டுக்கு வா."

ஹார்லன் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். "நான் அன்னிக்கு வாசல்ல சொன்னது தப்பு. உன்னைப் பாக்காமலே சொன்னேன்."

நாற்காலி இழுபடுகிற சத்தமும், மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டன.

"கொஞ்சம் இருங்கப்பா" என்றாள் மார்னி. "என்னால பேச முடியல. வச்சிடாதீங்க."

"வைக்கலம்மா" என்றார் ஹார்லன். "நீ மெதுவாப் பேசு."